பாஸ்பரஸ் மாத்திரையைச் சரியாகப் போடுவது எப்படி? டயாலிசிஸ் வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

சிறுநீரகம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது, டயாலிசிஸ் தொடங்கியாயிற்று அல்லது தொடங்கப் போகிறது. மருத்துவர் எழுதிய பத்துப் பன்னிரண்டு மருந்துகளில் செவலமெர், கால்சியம் அசிடேட், லாந்தனம் என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறது. டயாலிசிஸ் சென்டரில் இதைப் பாஸ்பரஸ் மாத்திரை என்பார்கள், மருத்துவர்கள் பாஸ்பேட் பைண்டர் என்பார்கள். என் அம்மாவுக்கும் இப்படித்தான் சீட்டு வந்தது. 1-1-1 என்ற மூன்று எண்கள் மட்டும். எப்போது, எதோடு, எதை விட்டு விலக்கி என்று ஒருவரும் உட்கார்ந்து சொல்லவில்லை. மருந்துக்கடையில் உறைமேல் வழக்கம்போல 'சாப்பாட்டுக்குப் பின்' என்று டிக் அடித்துக் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் மாத்திரை வயிற்றுக்குள் போனது, ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் இறங்கவில்லை, டோஸ்தான் ஏறியது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு, சரிபார்த்து, வீட்டு வழக்கத்தை மாற்றி, எண் இறங்குவதைப் பார்த்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எந்த மருந்து, எத்தனை மாத்திரை என்பது உங்கள் சிறுநீரக மருத்துவரின் முடிவு. இதைப் படித்துவிட்டு நீங்களாக ஏற்றவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். அவரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டில் எப்படி நடத்த வேண்டும் என்பதற்குத்தான் இது.

1. இந்த மாத்திரை எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிரஷர் மாத்திரை ரத்தத்தில் கலந்து வேலை செய்யும். பாஸ்பரஸ் மாத்திரையின் வேலை குடலுக்குள்ளேயே முடிந்துவிடும். சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸை அங்கேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போகும். பிடிப்பதற்குச் சாப்பாடு அங்கே இருந்தாக வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பலன் இல்லை. அதுவும் கால்சியம் கலந்த வகையை வெறும் வயிற்றில் போட்டால், கால்சியம் மட்டும் ரத்தத்தில் ஏறும். அது தீங்கு.

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறோமே, அது போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். பத்தியமாகச் சாப்பிடுபவருக்கே ஒரு நாளைக்கு 800 முதல் 1,000 மி.கி. பாஸ்பரஸ் உள்ளே போகிறது. அதில் பாதிக்கு மேல் உடம்பில் சேரும். நாலு மணி நேர டயாலிசிஸ் ஒன்று ஏறத்தாழ 600 முதல் 1,000 மி.கி. வரைதான் எடுக்கும். நாளைக்கு 900 என்று வைத்து, அதில் 60 சதவீதம் சேர்ந்தால் வாரத்துக்கு 3,780 மி.கி. மூன்று டயாலிசிஸில் 800 வீதம் போவது 2,400. மீதி 1,380 மி.கி. உடம்பிலேயே நிற்கும். வாரம் இரண்டு முறை மட்டும் செய்பவர்களுக்கு இன்னும் அதிகம். இந்த மீதியைத்தான் மாத்திரையும் பத்தியமும் சமாளிக்க வேண்டும்.

பாஸ்பரஸ் ஏறினால் உடனே ஒன்றும் தெரியாது. அதனால்தான் பலர் இந்த மாத்திரையை முதலில் விட்டுவிடுகிறார்கள். நாளாக ஆக அரிப்பு, எலும்பு வலி, கண் சிவப்பு என்று வரும். ரத்தக் குழாய்களிலும் இதய வால்வுகளிலும் சுண்ணாம்பு படியும், எலும்பு பலமிழக்கும். அரிப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

2. முதலில் ஒரு ஃபைல் போடுங்கள்

புது மருத்துவர், அவசரச் சிகிச்சைப் பிரிவு, காப்பீட்டு கவுன்ட்டர் என்று எங்கே போனாலும் இதே காகிதங்களைத்தான் கேட்பார்கள். ஒரே ஃபைலில் இவை இருக்கட்டும்:

- கடைசியாகத் தந்த மருந்துச் சீட்டு. பழைய சீட்டுகளைத் தனிக் கவரில் போடுங்கள். இரண்டும் கலந்தால் நிறுத்திய மருந்து திரும்ப வாங்கப்படும்.
- கடைசி ஆறு மாத ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், தேதி வாரியாக.
- டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல்.
- எல்லா மருந்துகளையும் நேரத்தோடு எழுதிய ஒரு தாள். சர்க்கரை, தைராய்டு, இரும்புச் சத்து, நாட்டு மருந்து எல்லாம் அதில் வரவேண்டும்.
- ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை நகல்கள்.
- மருந்துக்கடை பில்கள். கைச்சீட்டு வேண்டாம், மருந்தின் பெயரும் நோயாளியின் பெயரும் அச்சான பில்லாகக் கேளுங்கள். ஏன் என்று செலவுப் பகுதியில் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்தும் வையுங்கள். ஆனால் தாளையே நம்புங்கள். ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் ஃபோனில் சார்ஜ் இருக்காது.

3. உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள்

அட்டையைத் திருப்பி, கம்பெனி பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். போடும் விதம் வகைக்கு வகை மாறும்.

செவலமெர் 400, 800 மி.கி. அளவுகளில் வரும். கால்சியம் இல்லாதது. முழுதாக விழுங்க வேண்டும். பொடிக்கவோ, மெல்லவோ, பாதியாக உடைக்கவோ கூடாது, ஈரம் பட்டால் ஊதும். செவலமெர் கார்பனேட், செவலமெர் ஹைட்ரோகுளோரைடு என்று இரண்டு உண்டு. ஹைட்ரோகுளோரைடு ரத்தத்தின் பைகார்பனேட்டைக் குறைக்கக்கூடும். சீட்டில் எது எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

கால்சியம் அசிடேட் பெரும்பாலும் 667 மி.கி. மாத்திரை. அதில் நிஜமாக உள்ள கால்சியம் 169 மி.கி. விலை குறைவு. கால்சியம் கார்பனேட்டும் பைண்டராகத் தரப்படுவதுண்டு. 1,250 மி.கி. மாத்திரையில் 500 மி.கி. கால்சியம் இருக்கிறது, அதாவது ஒரு மாத்திரைக்கு அசிடேட்டைப் போல மூன்று மடங்கு. இந்த இரண்டு எண்களையும் மனதில் வையுங்கள், மருந்துக்கடையில் உதவும். பான்டோபிரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரை போடுபவர்களுக்குக் கார்பனேட் சரியாகக் கரையாது என்பதையும் மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள்.

லாந்தனம் கார்பனேட்டை நன்றாக மென்றுதான் விழுங்க வேண்டும். முழுதாக விழுங்கக் கூடாது. பல் இல்லாதவர்கள் நைஸாகப் பொடித்துச் சாப்பிடலாம். வயிற்றை எக்ஸ்ரே எடுத்தால் இது வெள்ளையாகத் தெரியும், ஆகவே எக்ஸ்ரே எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரும்பு கலந்த வகைகளும் உண்டு: ஃபெர்ரிக் சிட்ரேட், சுக்ரோஃபெர்ரிக் ஆக்ஸிஹைட்ராக்சைடு. இரண்டாவதை மென்று சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், இரும்பு மருந்து அவர்களுக்கு உயிராபத்து.

அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற பழைய மருந்து நீண்ட நாளுக்கு ஏற்றதல்ல. அலுமினியம் மூளையிலும் எலும்பிலும் தங்கிவிடும். உங்கள் சீட்டில் அது இருந்தால் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள்.

4. மாத்திரையை அலமாரியிலிருந்து தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மற்ற மாத்திரைகளோடு காலை-மதியம்-இரவு டப்பாவில் இதைப் போடாதீர்கள். அந்த டப்பா படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும், சாப்பிட்டு முடித்துக் கையலம்பி, கொஞ்சம் உட்கார்ந்து, டிவி பார்த்து, அப்புறம் ஞாபகம் வந்து போடுவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடி இருந்த இடத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வைத்தோம். உப்பு ஜாடி போனதும் நல்லதுக்குத்தான். அதில் அன்றைய மாத்திரைகள் மட்டும், அட்டையோடு கத்தரித்த துண்டுகளாக. பிரித்து வெறுமனே போடக் கூடாது. செவலமெர் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கத்தரிக்கும்போது காலாவதித் தேதி இருக்கும் முனையைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

போடும் முறை:

- ஒரு மாத்திரை என்றால் இரண்டு மூன்று வாய் சாப்பிட்டதும் போடுங்கள்.
- இரண்டு என்றால் தொடக்கத்தில் ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று.
- மறந்துவிட்டு, எழுந்த கையோடு ஞாபகம் வந்தால் உடனே போடலாம். ஒரு மணி நேரம் கழித்து ஞாபகம் வந்தால் அந்த வேளையை விட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்குச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.
- சாப்பிடவில்லை என்றால் மாத்திரையும் இல்லை. விரதம், காய்ச்சல், வாந்தி, வெறும் கஞ்சித் தண்ணீர் குடித்த வேளை எல்லாம் இதில் அடங்கும். இரண்டு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

அடுத்து மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "டாக்டர், காலையில ரெண்டு இட்லிதான் சாப்பிடுறாங்க, மதியம் மீன் குழம்பும் சோறும். மாத்திரையை அதுக்குத் தகுந்தபடி பிரிச்சுக்கலாமா?" சாப்பாடு ஒரே அளவாக இல்லாதபோது 1-1-1 என்பது பொருந்தாது. அம்மாவுக்கு அதே எண்ணிக்கையை 0-2-1 என்று மாற்றிக் கொடுத்தார். கூடுதல் மாத்திரை இல்லை, கூடுதல் செலவு இல்லை. மாலை நாலு மணிக்கு வேர்க்கடலையோ முட்டையோ சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்கும் ஒன்று தேவைப்படலாம்.

டயாலிசிஸ் நாளில் நேரம் குழம்பும். மெஷினில் இருக்கும்போதே டிபன் சாப்பிடுபவர்கள் அந்த டிபன் பாக்ஸிலேயே ஒரு துண்டு அட்டையைப் போட்டு அனுப்புங்கள். கல்யாணம், காதுகுத்து என்று வெளியே பந்தியில் உட்காரும்போது சட்டைப் பையிலோ மணிபர்ஸிலோ இரண்டு எப்போதும் இருக்கட்டும். அப்படிப்பட்ட சாப்பாட்டுக்குத்தான் அது அதிகம் தேவை.

5. மற்ற மருந்துகளுக்கு இடைவெளி போடுங்கள்

பாஸ்பரஸைப் பிடிக்கும் மருந்து சில வேளை வேறு மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பாஸ்பரஸ் மாத்திரை ஒழுங்காகப் போகும், தைராய்டு எண் மட்டும் காரணமில்லாமல் கெட்டுப்போகும்.

தைராக்சின்: நாலு மணி நேர இடைவெளி வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்குத் தைராக்சின் போட்டு எட்டு மணிக்கு இட்லியோடு பைண்டர் போட்டால் போதாது. இரண்டு வழி உண்டு. காலை வேளைக்கு பைண்டர் இல்லாமல் மருத்துவர் மாற்றித் தரலாம், அல்லது தைராக்சினை இரவு வெகு நேரம் கழித்துத் தரலாம். எதுவானாலும் அவர் சொல்லி மாற்றுங்கள், மாற்றிய பிறகு டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள்.

சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்: செவலமெரோடு சேர்த்தால் ரத்தத்தில் ஏறுவது ஏறக்குறைய பாதியாகிவிடும். சிப்ரோவை பைண்டருக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். டாக்சிசைக்ளினும் கால்சியத்தோடு சேராது. காய்ச்சலுக்குத் தெரு முனை கிளினிக்கில் ஆன்டிபயாடிக் எழுதினால், அங்கேயே பைண்டர் பெயரைச் சொல்லுங்கள். மூன்று வேளை பைண்டர் போடுபவருக்கு இடைவெளியே கிடைக்காது. அந்த ஐந்து நாளைக்கு பைண்டரை நிறுத்திவைக்கலாமா என்று சிறுநீரக மருத்துவரிடம் ஃபோனில் கேளுங்கள்.

இரும்பு மாத்திரை: கால்சியம் பைண்டரோடு சேர்க்க வேண்டாம், சாப்பாட்டு வேளையை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் போடும் மைக்கோஃபினோலேட்: செவலமெருக்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டாக வேண்டும்.

டிகாக்சின் போடுபவர்கள் கால்சியம் பைண்டரில் இருந்தால் இரட்டைக் கவனம் தேவை. ரத்தத்தில் கால்சியம் ஏறினால் டிகாக்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

பற்பம், செந்தூரம் சாப்பிடுபவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள். சங்குப் பற்பமும் முத்துப் பற்பமும் கால்சியம்தான். அவை உள்ளே போவது தெரியாமல் மருத்துவர் கால்சியம் பைண்டரை ஏற்றினால் கணக்கு முழுக்கத் தவறும்.

6. விழுங்க முடியாதபோதும், மலச்சிக்கல் வந்தபோதும்

800 மி.கி. செவலமெர் பெரிய மாத்திரை. தண்ணீரும் அளந்துதான் குடிக்க வேண்டும். "வாய் நிறைய மாத்திரையாப் போச்சுப்பா" என்று அம்மா சலித்துக்கொள்வதில் நியாயம் இருந்தது. ரசம் சோறு, மோர் சோறு போன்ற குழைவான வாயோடு சேர்த்து விழுங்கினால் தண்ணீர் மிச்சமாகும். முடியவில்லை என்றால் 400 மி.கி.யாக இரண்டு, தண்ணீரில் கலக்கும் பவுடர், அல்லது மெல்லும் வகை என்று மாற்று உண்டா எனக் கேளுங்கள். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவர், குடல் அறுவை செய்தவர், கடும் மலச்சிக்கல் உள்ளவர் என்றால் செவலமெர் தொடங்கும் முன்பே மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மலச்சிக்கல் இதன் வழக்கமான தொல்லை. இங்கேதான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. சிக்கல் என்று பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போனால் எனிமா கொடுப்பார்கள். வழக்கமான எனிமா பாட்டில்களில் சோடியம் பாஸ்பேட் இருக்கும். நாம் மாதக்கணக்கில் இறக்கப் பாடுபடும் பாஸ்பரஸ் ஒரே வேளையில் ஏறி, கால்சியம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். "டயாலிசிஸ் பேஷன்ட், பாஸ்பேட் எனிமா வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கொலோனோஸ்கோப்பிக்கு முன் குடலைச் சுத்தம் செய்யத் தரும் மருந்துக்கும் இது பொருந்தும். மக்னீசியம் கலந்த மலமிளக்கிகளும் ஆகாது. லாக்டுலோஸ் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தருவார், அதை வீட்டில் வைத்திருங்கள்.

அதேபோல, நெஞ்செரிச்சலுக்குச் சீட்டில்லாமல் வாங்கிக் குடிக்கும் அசிடிட்டி திரவங்கள் பெரும்பாலானவற்றில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கின்றன. சுக்ரால்ஃபேட்டிலும் அலுமினியம் உண்டு. வீட்டு அலமாரியில் இருந்தால் எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

7. மருந்துக்கடையில் ஏமாறாமல் இருக்க

"அந்த பிராண்டு இல்லண்ணே, இதுவும் கால்சியம்தான், எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு கடையில் எனக்குச் சொன்னார்கள். கையில் தந்தது கால்சியம் கார்பனேட்டும் டி3 வைட்டமினும் சேர்ந்த எலும்புச் சத்து மாத்திரை. சீட்டில் இருந்தது அசிடேட். மூன்று மடங்கு கால்சியம், கூடவே யாரும் எழுதாத வைட்டமின். கம்பெனி மாறினால் பரவாயில்லை. மருந்தின் பெயரும் மி.கி. அளவும் மாறக் கூடாது. சந்தேகம் வந்தால் வாங்காமல் அட்டையைப் படம் எடுத்து டயாலிசிஸ் சென்டருக்கு அனுப்பிக் கேளுங்கள்.

முதல் மூன்று மாதம் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிக் குவிக்க வேண்டாம். ரிப்போர்ட்டுக்குத் தகுந்தபடி டோஸும் மருந்தும் மாறும், பிரித்த அட்டையைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். பிறகு, அட்டை தீரப் பத்து நாள் இருக்கும்போதே சொல்லிவையுங்கள். சின்ன ஊர்களில் செவலமெரைக் கடைக்காரர் டவுனிலிருந்து வரவழைத்துத்தான் தர வேண்டியிருக்கும்.

8. செலவைக் குறைக்கும் வழிகள்

செவலமெர்தான் கையைக் கடிக்கும். ஒரு மாத்திரை 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, நாளைக்கு ஆறு போட்டால் மாதம் 2,700 ரூபாய். பிராண்டைப் பொறுத்து இது ஏறும், இறங்கும். கால்சியம் அசிடேட்டின் விலை இதில் சிறு பங்குதான். ஆனால் விலைக்காக நாமாக மாற்ற முடியாது. ரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே அதிகம் உள்ளவருக்கும், ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்தவருக்கும் அது ஒத்துவராது. கட்டுப்படியாகவில்லை என்றால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். காசில்லாமல் பாதி டோஸ் போட்டுக்கொண்டு முழு டோஸ் போடுவதாகச் சொல்வதுதான் மோசம், அவர் எண்ணைப் பார்த்து இன்னும் ஏற்றுவார்.

எங்கே விசாரிக்கலாம்:

- மக்கள் மருந்தகம் என்ற ஜன் ஔஷதி கடைகள். செவலமெர் அவர்கள் பட்டியலில் உண்டு, விலை நன்றாகக் குறையும். எல்லாக் கிளையிலும் இருப்பு இருக்காது, போகும் முன் ஃபோன் செய்யுங்கள்.
- தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம். அங்கும் மருந்தின் வேதிப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.
- அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிறுநீரகப் புறநோயாளிப் பிரிவு. இருப்பில் உள்ள பைண்டர் இலவசம். மாதம் ஒரு நாள் வரிசையில் நிற்க வேண்டும், காலையிலேயே போய்விடுங்கள். நோயாளியின் சீட்டுப் புத்தகம் கட்டாயம்.
- பிராண்டுகளின் விலையை ஒப்பிட, மருந்து விலை ஆணையத்தின் 'ஃபார்மா சஹி தாம்' செயலி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. டயாலிசிஸ் இதில் அடங்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். வருமானச் சான்றுக்கு அலைவதுதான் நேரம் எடுக்கும், அதை முதலில் தொடங்குங்கள். வீட்டுக்கு வாங்கும் மாத்திரை இதில் வருமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வரும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

வருமானவரி கட்டும் பிள்ளைகள் கவனிக்க: நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்குச் செய்யும் செலவுக்கு, 80டிடிபி என்று அறியப்பட்ட கழிவு பழைய வரிமுறையில் உண்டு. 40,000 ரூபாய் வரை, நோயாளி 60 வயதைத் தாண்டியவர் என்றால் ஒரு லட்சம் வரை. சிறுநீரகச் சிறப்பு மருத்துவரின் சீட்டு வேண்டும், காப்பீட்டில் திரும்பக் கிடைத்த தொகையைக் கழித்துவிட வேண்டும். பில்லைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்காக.

9. ரத்தப் பரிசோதனையைச் சரியான நேரத்தில் எடுங்கள்

டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பாஸ்பரஸும் கால்சியமும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிடிஹெச் என்ற பாராதைராய்டு ஹார்மோன் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது வழக்கம். மருந்து மாற்றிய புதிதில் சீக்கிரமே பார்க்கச் சொல்வார்கள். ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் சேர்த்து எடுங்கள், அது குறைந்தால் கால்சியம் எண் தவறாகக் குறைவாகத் தெரியும்.

ரத்தம் டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் எடுத்ததாக இருக்க வேண்டும். முடிந்த கையோடு எடுத்தால் பாஸ்பரஸ் அழகாக இறங்கித் தெரியும், சில மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும். அந்த எண்ணை நம்பி டோஸைக் குறைத்தால் வம்பு. ரிப்போர்ட்டில் 'ஹீமோலைஸ்டு' என்று குறிப்பிருந்தால் ரத்தச் செல் உடைந்து எண் பொய்யாக ஏறியிருக்கலாம், திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

பாஸ்பரஸின் இயல்பு அளவு 2.5 முதல் 4.5 மி.கி./டெ.லி. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு 5.5க்குக் கீழே வைக்கப் பலர் முயல்வார்கள். உங்களுக்கு எந்த எண் இலக்கு என்று மருத்துவரிடம் கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மிகவும் இறங்கினாலும் நல்லதல்ல. சாப்பாடு குறைந்துவிட்டது, மாத்திரை குறைக்கப்படவில்லை என்று அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

எண் ஏறியிருந்தால் டோஸை ஏற்றும் முன் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: வாரத்தில் எத்தனை வேளை விட்டுப்போனது, எத்தனை டயாலிசிஸ் தவறியது, என்ன சாப்பிட்டார் என்று.

10. சமையலறையில் பார்க்க வேண்டியவை

புரதத்தைக் குறைத்துப் பட்டினி போடாதீர்கள். டயாலிசிஸில் புரதம் இழப்பாகிறது, அதை ஈடுகட்ட வேண்டும். முட்டை வெள்ளைக் கரு நல்ல வழி, பாஸ்பரஸ் ஏறக்குறைய முழுக்க மஞ்சள் கருவில்தான். பால் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 90 மி.கி. பாஸ்பரஸ், ஆகவே டம்ளர் கணக்கில் பால், மால்ட் பானம் வேண்டாம். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, கருவாடு, கேழ்வரகுக் கூழ், வேர்க்கடலை எல்லாம் அளவில் அடங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பாக்கெட் உணவுதான் எதிரி. பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸில் பாதிகூட உடம்பில் சேராது. பாக்கெட்டில் சேர்க்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுதும் சேரும். லேபிளில் ஐஎன்எஸ் 338, 339, 340, 341, 450, 451, 452 என்ற எண்கள் இருந்தால் அவை பாஸ்பேட். கோலா பானங்களில் 338. சீஸ் ஸ்லைஸ், சாசேஜ், சில பிஸ்கட், நூடுல்ஸ்களில் மற்றவை. பேரப்பிள்ளை வாங்கிவரும் பாக்கெட்டை அவனையே எண் பார்த்துச் சொல்லச் சொன்னோம். இப்போது அவனுக்கு எண்கள் மனப்பாடம்.

11. காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- கடும் வயிற்று வலி, வயிறு உப்பல், வாந்தி, மலமும் காற்றும் பிரியாமை. செவலமெர் போடுபவருக்குக் குடல் அடைப்பாக இருக்கலாம்.
- மலத்தில் ரத்தம், அல்லது தார் போலப் பிசுபிசுப்பாகக் கறுத்து நாறும் மலம், கூடவே தலைச்சுற்றல். இரும்பு பைண்டரால் வரும் கறுப்பில் இந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்றால் போய்க் காட்டிவிடுங்கள்.
- மாத்திரை தொண்டையில் நின்று எச்சில்கூட இறங்காமல் இருப்பது.
- கால்சியம் பைண்டர் போடுபவருக்குக் குமட்டல், அதிக மலச்சிக்கல், புத்தித் தடுமாற்றம், தூங்கி விழுவது. கால்சியம் ஏறியிருக்கலாம்.
- உதட்டைச் சுற்றி மதமதப்பு, கைவிரல் இழுத்துக்கொள்வது. கால்சியம் இறங்கியிருக்கலாம்.
- தோலில் தாங்க முடியாத வலியோடு கருநீலத் திட்டுகள், புண்கள். இதை மருந்து பூசிப் பார்க்கலாம் என்று ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

போகும்போது ஃபைலோடு, போட்டுக்கொண்டிருக்கும் பைண்டர் அட்டையையும் எடுத்துப் போங்கள். பெயரை வாயால் சொன்னால் அவசரத்தில் தவறாக எழுதப்படும், அட்டையைக் காட்டினால் போதும். கடைசியாக டயாலிசிஸ் செய்த நாள், அடுத்த முறை எப்போது, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட அறுவை செய்து இணைத்த ரத்தக் குழாய்) எந்தக் கையில் என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள். அந்தக் கையில் ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ விடாதீர்கள்.